முன்னாள் தோட்டத் தொழிலாளருக்கான நச்சுக்காற்று அறிவிப்பு: ஊவா மாகாணம்

வேலைத்தலத்தில் தீங்கான தூசியையோ புகையையோ ஆவியையோ சுவாசித்தவர்களை, அவர்கள் வேலையை விட்டுப் போன பிறகும் தேடிக் கண்டுபிடித்து, சுவாசித்தது என்ன, அதனால் என்ன நோய் வரக்கூடும், எங்கே போய்ப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் தெரிவிப்பது முன்னாள் தொழிலாளர் அறிவிப்பு எனப்படும். தொழில்வழி நுரையீரல் நோய்கள் பல, சுவாசிக்கத் தொடங்கிப் பத்து, இருபது, சில வேளை நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவதால் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை, இதற்கு வேண்டிய மருத்துவ அறிவு நெடுங்காலமாக இருக்கிறது. பெயர்ப்பதிவுகளும் பெருமளவுக்கு இருக்கின்றன. அறிவிக்கும் கடமை யாருடையது என்பதுதான் தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

காற்றில் இருந்தவை

தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, அடுப்பில் காய்ந்து, கடைசியில் சல்லடைகளுக்கு வருகிறது. முதல் மூன்று கட்டங்களில் இலை ஈரமாக இருப்பதால் தூசி குறைவு. காய்ந்த தேயிலையைச் சலித்து, தூற்றி, தரம் பிரித்து, மூட்டையாக்கும் இடத்தில்தான் கேடு. இளங்கொழுந்தின் அடியில் உள்ள மெல்லிய மயிர்கள் காய்ந்து உதிர்ந்து பஞ்சுபோலப் பறக்கும். சலிப்பறையில் நாள் முழுக்க நிற்பவரின் தலைமுடி, புருவம், சேலைத் தலைப்பு எல்லாவற்றிலும் அந்தப் பழுப்புப் பஞ்சு படிந்திருக்கும். குச்சி பொறுக்குவதிலும் சலிப்பதிலும் பெண்கள் அதிகம். மூக்கை மறைத்துக் கட்டிய ஒரு துண்டுத் துணிதான் பலருக்கும் கிடைத்த பாதுகாப்பு.

இந்தத் தூசியின் தீங்கு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, தேயிலைத் தொழிற்சாலைகளில் காணப்படும் ஒரு வகை இருமலைப் பற்றி எழுதினார்; அதற்குப் பூஞ்சையே காரணம் என்று அவர் கருதினார். இலங்கையின் மார்பு நோய் நிபுணர் சி. ஜி. ஊரகொட, டீ மேக்கர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலர் ஒருவருக்குத் தேயிலைத் தூசியால் ஆஸ்துமா கண்ட நோய்க்கதையை 1970இல் பிரித்தானியத் தொழில் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றிய இன்னொரு ஆய்வையும் அவர் வெளியிட்டார். காரீயச் சுரங்கம், இலவம்பஞ்சு, கறுவா ஆகிய தொழில்களில் ஈடுபட்டோரின் நுரையீரலையும் ஆராய்ந்தவர் அவர். ஆகவே 1970க்குப் பிறகு ஊவாவின் சலிப்பறைகளில் வேலை செய்த எவருக்கும் இந்த ஆபத்தைச் சொல்லியிருக்க முடியும். ஆய்வு ஆங்கில மருத்துவ இதழில் வந்தது. இருமியவரோ லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தார்.

ஸ்டோருக்கு வெளியிலும் நச்சுக்காற்று உண்டு. தேயிலை நாற்றுமேடைகளில் வேர்களைத் தாக்கும் நூற்புழுவை அழிக்க, மண்ணுக்குள் மெதில் புரோமைட்டு வாயு செலுத்தப்பட்டு வந்தது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு நுரையீரலையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கவல்லது. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. வானத்து ஓசோனுக்காக அந்த வாயுவை நிறுத்தத் தெரிந்த உலகம், அதை முகத்துக்கு நேரே வைத்து வேலை செய்தவர்களைத் தேடிப் போகவில்லை என்பது இந்த வரலாற்றின் மிக வருத்தமான பகுதி.

களைக்கு மருந்தடித்தவர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. முதுகில் தொட்டியைச் சுமந்து பரகுவாட் தெளித்த ஆண்கள் மலையகம் முழுவதும் இருந்தனர். உடலுக்குள் போனால் நுரையீரலை இறுகச்செய்யும் நஞ்சு அது. இலங்கையில் 2008இல் தொடங்கிப் படிப்படியாக அது தடை செய்யப்பட்டது. இருப்பினும், தடைக்கு முன் 1993இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பரகுவாட் தெளித்த 85 பேரை 76 ஸ்டோர் தொழிலாளருடனும் 79 பொதுத் தொழிலாளருடனும் ஒப்பிட்டு, நுரையீரல் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஸ்டோர் தொழிலாளரும் தூசியைச் சுவாசித்தவர்களே என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. எப்படியானாலும், மருந்தடித்த எல்லோருக்கும் நோய் வரும் என்று எழுதுவது பொய்யான அறிவிப்பாகும். தெரிந்ததையும் உறுதியாகாததையும் பிரித்துச் சொல்வதே நேர்மை.

லயங்களிலும் தோட்டக் கட்டடங்களிலும் கூரையாகிய அஸ்பெஸ்டஸ் தகடுகளை அறுத்தும் துளைத்தும் பொருத்திய தச்சர்கள் சிறிய கூட்டம். ஆனால் அவர்களுக்குத்தான் காலம் மிக நீண்டது: அஸ்பெஸ்டஸ் இழையால் வரும் புற்றுநோய், இழையைச் சுவாசித்து இருபது முதல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படுவது வழக்கம்.

தோட்டங்கள் கைமாறின, தொழிலாளர் சிதறினர்

ஓர் அறிவிப்பை யார் யாருக்கு அனுப்புவது என்று கேட்டால் ஊவாவின் வரலாறு முழுவதும் குறுக்கே வருகிறது. தம்பதென்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை முதல் பண்டாரவளை, ஹாலி-எல, தெமோதரை, பசறை, லுணுகலை, மடுல்சீமை வரை, பெரிய தோட்டங்கள் பிரித்தானியக் கம்பனிகளின் கையில் இருந்தவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அவை அரசுடைமையாகி, ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வந்தன. 1992இல் பெரும்பாலானவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. 1968இல் சலிப்பறையில் பெயர் பதிந்து 1998இல் ஓய்வு பெற்ற ஒரு பெண், அதே ஸ்டோரில் அதே சல்லடைக்கு முன்னால் நின்றபடி மூன்று முதலாளிகளைக் கண்டிருப்பார். ஒவ்வொரு முதலாளியும் தூசி முந்தியவர் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

தொழிலாளரும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் இணங்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் பாதிப்பாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்வாறு போனவர்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலும், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டங்களிலும், கொடைக்கானல் மலைகளிலும் குடியேறினர். தங்கியவர்களின் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போனார்கள். வயதானவர்கள் பிள்ளைகளோடு இடம் மாறினார்கள். பசறையில் சுவாசித்த தூசிக்கான கடிதம் கூடலூருக்குப் போகவேண்டியிருக்கும் என்பது இங்கே சாதாரண நிலைமை.

இலங்கைச் சட்டத்தில் உள்ளவை

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும். தூசியை அகற்ற ஏற்பாடு செய்யச் சொல்வதும், குறித்த சில தொழில் நோய்களைக் காணும் வைத்தியர் அதைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்வதும் அதுவே. கவனித்தால், இந்த அறிவிப்பு வைத்தியரிடமிருந்து அரசாங்கத்துக்குப் போகிறது, தொழிலாளருக்கு வருவதில்லை. நோய் வந்த பின்தான் போகிறது, வருமுன் அல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் தொழில் நோய்களுக்கும் நட்டஈடு வழங்க வழிசெய்கிறது. ஆனால் கோருபவர், தன் நோய் தொழிலால் வந்தது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். அறிவிப்பு இல்லாத இடத்தில் இந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடுகிறது.

2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆய்வும் பயிற்சியும் ஆலோசனையும் அதன் பணிகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது: அரசாங்கத் திணைக்களங்களிடமும் தோட்டங்களை ஒரு காலத்தில் நடத்திய அரச நிறுவனங்களிடமும் உள்ள பதிவுகளை, குடிமக்கள் எவரும் எழுத்தில் கேட்கலாம்.

பெயர்ப்பட்டியலுக்கும் வழி உண்டு. தோட்டத்தின் பெயர்ப்பதிவான செக்ரோல் புத்தகங்கள் கரையானுக்கும் கைமாற்றத்துக்கும் இரையானாலும், 1958இல் தொடங்கிய ஊழியர் சேமலாப நிதியில் ஒவ்வொரு தொழிலாளரும் எந்த முதலாளியின் கீழ், எந்த அங்கத்துவ இலக்கத்தில், எப்போது வேலை செய்தார் என்ற பதிவு இருக்கிறது. ஆயினும் அதில் எல்லாம் நேராக இல்லை. தோட்ட அலுவலகத்தில் எழுதப்பட்ட பெயர் ஒன்று, அடையாள அட்டையில் உள்ள பெயர் இன்னொன்று என்று, இறுதிக் காலத்தில் சேமலாப நிதியை எடுக்கவே மாதக்கணக்கில் அலைந்தவர்கள் மலையகத்தில் ஏராளம். எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்பதையும் அந்தப் பதிவு சொல்லாது. அதை, கூட வேலை செய்தவர்களிடம் கேட்டே எழுத வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்டா நகரில் ஒரு சாயத் தொழிற்சாலை, சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் பீட்டா நாப்தைலமின் என்ற பொருளை 1940 முதல் 1972 வரை கையாண்டது. அங்கே வேலை செய்த ஏறத்தாழ 1,400 பேரின் பட்டியலை எடுத்து, உயிரோடிருந்தவர்களைத் தேடிக் கடிதம் எழுதி, உள்ளூரிலேயே பரிசோதனை நிலையமும் ஏற்படுத்தியது அந்நாட்டின் தொழில் சுகாதார நிறுவனம். 1981இல் நடந்த இந்த முயற்சியே பின்வந்த அறிவிப்புத் திட்டங்களுக்கு முன்மாதிரி. கடிதம் வரும் வரை தங்கள் ஆபத்தை அறியாதிருந்தவர்கள் அவர்களில் பலர். இதை நாடு முழுவதற்குமான சட்டமாக்கும் மசோதா 1987இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, 1988இல் செனட்டில் தடைப்பட்டது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் அஸ்பெஸ்டஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு ஊவாவுக்கு நேரடியாகப் பாடம் சொல்கிறது. தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று அது பணித்தது. ஏடு அழிந்தால் அறிவிப்பும் அழிந்துவிடும் என்பதை உணர்ந்த உத்தரவு அது.

தமிழ்நாட்டில் கொடைக்கானலின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1983இல் தொடங்கி 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததைப் பொதுமக்கள் கண்டு போராடிய பின்னரே மூடினார்கள். முன்னாள் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு, தங்கள் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் நேர்ந்ததைத் தாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிப் பட்டியல் எழுதினர். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். வேலையால் உடல்நலக் கேடு நேரவில்லை என்றே தொழிற்சாலையின் உரிமையாளரான இந்துஸ்தான் யூனிலீவர் வாதிட்டது. எனினும் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடனும் குடும்பங்களுடனும் உடன்பாடு செய்துகொண்டது. எவரும் அறிவிக்காதபோது தொழிலாளரே அறிவித்துக்கொண்ட வழக்கு இது. ஒரே ஊர், ஒரே தொழிற்சாலை என்பதால் அவர்களால் அது முடிந்தது. நூற்றுக்கணக்கான தோட்டங்களில் சிதறியவர்களிடம் அந்தச் சுமையை விடுவது நியாயமல்ல.

கடிதமும் அது போய்ச்சேரும் வழியும்

ஊவாவுக்கான அறிவிப்பு தமிழில், ஒரு பக்கத்துக்குள், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டினாலும் விளங்கும்படி இருக்க வேண்டும். சுவாசித்த பொருளின் பெயர், வேலை செய்த பிரிவு, கவனிக்க வேண்டிய அறிகுறிகள், இலவசப் பரிசோதனைக்குப் போகவேண்டிய இடம், நட்டஈடு கோரும் வழி ஆகியவை போதும். பரிசோதனைக்கு இடம் சொல்லாத கடிதம் பயத்தை மட்டுமே கொடுக்கும். அத்தகைய கடிதத்தை அனுப்பாமல் இருப்பதே மேல்.

எப்படிக் கொடுப்பது என்பது இன்னும் பெரிய கேள்வி. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாத தோட்டங்களில் தபால் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே ஆட்களுக்குப் போகும். தோட்டத்தின் தூசியைப் பற்றிய கடிதம் தோட்ட அலுவலகத்தின் கையால் வருவது தகாது. கிராம உத்தியோகத்தர், தொழிற்சங்கத் தலைவர், தோட்டப் பகுதியின் மருத்துவமாது ஆகியோர் மூலமும், கோயில் திருவிழாவிலும் சம்பள நாளிலும் நேரில் வாசித்தும் சேர்ப்பதே நடக்கக்கூடிய வழி. கடல் கடந்து போனவர்களுக்கு நீலகிரியின் தாயகம் திரும்பியோர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் துணை செய்ய முடியும்.

இப்படி ஒரு திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லாத செயல் ஒன்று உண்டு. ஸ்டோரில் சலித்தவரோ நாற்றுமேடையில் வாயு வைத்தவரோ மருந்தடித்தவரோ உங்கள் வீட்டில் இருந்து, அவருக்கு நீங்காத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வேலை செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால், அந்தத் தாளைக் காட்டி, நுரையீரல் ஊதும் பரிசோதனையையும் கேளுங்கள். அந்தத் தாளின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். நட்டஈட்டு விண்ணப்பத்துக்கும் அது வேண்டும்.