மூன்றரைப் பவுன் பேட்டரி

தென்காசியில் தெரிந்த நகை ஆசாரி ஒருவரிடம் போன ஆவணியில் நான் நிறுக்கக் கொடுத்தது தங்கம் இல்லை, ஒரு பேட்டரி செல். 18650 என்று அதற்குப் பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை என்பதற்கு. லேப்டாப்பிலும் பவர்பேங்கிலும் இருப்பது அதுதான். ஆன்லைனில் பத்து வாங்கியிருந்தேன். ஒவ்வொன்றின் மேலும் 9900 மில்லி ஆம்பியர் அவர் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கையில் எடுத்ததுமே எடை உறுத்தியது.

தராசில் வைத்தார். 27.4 கிராம்.

"மூணரைப் பவுன்கூட இல்லையே தம்பி. உள்ள என்ன வச்சிருக்கான்?"

செத்துப்போன பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல் ஒன்றும் பையில் இருந்தது. அது 45 கிராம், ஐந்தரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. ஆசாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். போலி நகையைக் கையில் வாங்கியதும் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

கணக்கும் அதையேதான் சொன்னது. 9900-ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 36 வாட் அவர். 27 கிராமுக்குள் அவ்வளவு இருக்கிறதென்றால் கிலோவுக்கு 1,300-க்கும் மேல். நல்ல கம்பெனி செல்லே கிலோவுக்கு 230, 250 வாட் அவரைத் தாண்டத் திணறும். வீட்டில் வைத்து அளந்தபோது ஆயிரம் மில்லி ஆம்பியர் அவர்கூடத் தேறவில்லை.

எனக்கு எதற்கு இந்த வம்பு என்றால், எல்லாம் ஒரு மின்சார ஸ்கேட்போர்டுக்காக. பெங்களூரில் ஒரு நண்பன் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த போர்டு அது. அவன் வெளிநாடு போகும்போது என்னிடம் தள்ளிவிட்டுப் போனான். கொரோனாவில் ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட நான், இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் விடிகாலையில் அதை ஓட்டுவேன். ஒரு பக்கம் வயல், எதிரே மலை. லேசான ஏற்றம்தான், ஆனால் போர்டில் நிற்பவனின் முழங்காலுக்கும் பேட்டரிக்கும் அது நன்றாகவே தெரியும். தமிழ்நாட்டில் ஸ்கேட்போர்டு என்றால் கோவளமும் மாமல்லபுரமும்தான். மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் பாஃப்டா பரிந்துரை வரைக்கும் போனது. எங்கள் பக்கம் இதைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதுல சறுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

பேட்டரி கிழடு தட்டியதும் இலேசானதாக மாற்றலாமென்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அங்கேதான் முளைத்தது. மின்சார ஸ்கேட்போர்டின் சரித்திரத்தைத் தோண்டினால் மோட்டாரின் சரித்திரம் கிடைப்பதில்லை. எடையின் சரித்திரம்தான் கிடைக்கிறது.

மோட்டார் வைத்த பலகை புதிய யோசனை இல்லை. 1975-லேயே கலிபோர்னியாவில் மோட்டோபோர்டு என்று பெட்ரோல் இன்ஜின் வைத்த ஒன்று வந்தது. சத்தம், புகை, நாற்றம். தொண்ணூறுகளின் கடைசியில் லூயி ஃபிங்கிள் என்ற கலிபோர்னியாக்காரர் கம்பியில்லா ரிமோட் வைத்த மின்சாரப் பலகையைக் கொண்டுவந்து காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். மோட்டார் இருந்தது, ரிமோட் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனால் பேட்டரி மட்டும் 1859-ல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்த ஈய-அமில பேட்டரியின் பேரன். வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே டிஸ்டில்டு வாட்டர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதே பரம்பரை. கிலோவுக்கு 35 வாட் அவர் கிடைத்தால் அதிகம். அந்தப் பலகைகளை ஓட்டலாம், ஆனால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாது. பிறகு ஸ்கேட்போர்டு என்று எதற்குச் சொல்வது?

ஆட்டம் மாறியது 2012-ல். ஸ்டான்ஃபோர்டில் படித்த சஞ்சய் தஸ்தூர், ஜான் உல்மன், மாத்யூ டிரான் மூவரும் பூஸ்டட் என்ற போர்டுக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டினார்கள். ஆறேழு கிலோ எடை, ஏற்றத்திலும் ஏறும், பிரேக் பிடித்தால் பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும். அதன் பேட்டரி 99 வாட் அவர். நூறைத் தாண்டினால் விமானத்தில் ஏற்றத் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதனால்தான் அந்த ஒரு வாட் அவர் கஞ்சத்தனம். உள்ளே இருந்தது லேப்டாப் செல் இல்லை, லித்தியம் இரும்பு பாஸ்பேட்.

இந்த வேதியியலின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தென்தமிழகத்தில் அமரபுரம் என்ற சிற்றூரில் 1951-ல் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் வேதியியல் இளங்கலையும் முதுகலையும் முடித்தார், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விரிவுரையாளராக இருந்தார். 1985-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப்பின் ஆய்வகத்துக்குப் போனார், அடுத்த வருடம் அவரோடு டெக்சாஸ் மாகாணத்தின் ஆஸ்டினுக்கு. இவர் சேர்வதற்கு ஐந்து வருடம் முன்பே, 1980-ல், அந்த ஆக்ஸ்போர்டு ஆய்வகத்தில்தான் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பிறந்திருந்தது. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம்-அயன் பேட்டரி அந்தக் கோபால்ட் வழியில் வந்ததுதான்.

கோபால்ட் விலை கூடியது. இரும்பு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடை வைத்துப் பேட்டரி செய்தால் வோல்டேஜ் இரண்டரையைத் தாண்டாமல் படுத்துக்கொள்ளும். மந்திரமும் குட்இனஃப்பும் 1987-லிலும் 1989-லிலும் வெளியிட்ட கட்டுரைகளில் ஆக்சைடுக்குப் பதிலாக மாலிப்டேட், டங்ஸ்டேட், சல்பேட் சேர்மங்களை வைத்துப் பார்த்தார்கள். இரும்பு அதே இரும்புதான். ஆனால் வோல்டேஜ் மாலிப்டேட்டில் 3.0 ஆனது, சல்பேட்டில் 3.6.

ஏன்? வோல்டேஜ் என்பது ஒரு வகையில் அருவியின் உயரம். மேலே லித்தியம், கீழே இரும்பு, நடுவே விழுவது எலெக்ட்ரான். சல்பேட்டில் கந்தகம் பக்கத்து ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜனுக்கு இரும்போடுள்ள பிடி தளர்கிறது, இரும்பின் மட்டம் கீழே இறங்குகிறது. சின்னருவியாக இருந்தது பேரருவி ஆகிவிடுகிறது. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, விழும் உயரம்தான் கூடியது. குற்றாலத்துக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த வழியில் பாஸ்பேட்டைப் பிடித்தவர்கள் அதே ஆய்வகத்தின் பாதியும் நஞ்சுண்டசாமியும். 1997-ல் வந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் கட்டுரையில் முதல் பெயர் பாதி, இரண்டாவது நஞ்சுண்டசாமி, அதற்குப் பிறகுதான் குட்இனஃப். மின்சாரம் மெதுவாகத்தான் கடத்தும், குறைந்த சக்தி வேலைகளுக்கு ஆகும் என்பது அவர்கள் கணிப்பு. பிறகு வந்தவர்கள் துகள்களைப் பொடியாக்கிக் கரி பூசினார்கள், ஏற்றத்தில் ஆளை இழுக்கிற அளவுக்குச் சக்தி வந்துவிட்டது. டாடா நெக்சான் மின்காரில் இருப்பதும் இந்த பாஸ்பேட் வகைதான். அமெரிக்காவில் இதை வைத்து வளர்ந்த ஏ123 கம்பெனி 2012 அக்டோபரில் திவாலாகி, பிறகு சீனாவின் வான்சியாங்கிடம் போனது. பூஸ்டட் பணம் திரட்டிய அதே பருவம். அந்த பூஸ்டட்டும் 2020-ல் கடையை மூடியது.

2019-ல் வேதியியல் நோபல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் கிடைத்தது. குட்இனஃப்புக்கு அப்போது 97 வயது. டிசம்பர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் மேடையேறி நோபல் உரை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தென்காசி தனி மாவட்டமாகி அப்போது பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. ஊரே கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும் என்று பேசிக்கொண்டிருந்தது.

'தமிழன்டா' என்று ஒரு படம் போட்டு ஃபார்வர்டு செய்துவிட்டு மறந்துபோகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. பேட்டரி எந்தத் தனி மனிதனின் சொத்தும் இல்லை. ஆனால் மூன்று பேருக்கு மேல் தரக்கூடாது என்ற விதியுள்ள பரிசு ஒன்று ஒரு துறையின் சரித்திரத்தையே மூன்று முகமாகச் சுருக்கிவிடுகிறது. பாதி யார், நஞ்சுண்டசாமி யார் என்று இன்ஜினியரிங் படித்த எனக்கே முப்பது தாண்டித்தான் தெரிகிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கிருந்து அரை நாள் பயணம். நான்கு வருட கல்லூரியில் எங்களை ஒரு தடவைகூட அங்கே கூட்டிப்போகவில்லை. டூர் என்றால் ஊட்டி.

சரி, என் போர்டுக்கு வருகிறேன். நண்பன் கட்டியிருந்தது பன்னிரண்டு பாஸ்பேட் செல். ஒன்று 76 கிராம், மொத்தம் 912 கிராம், 99 வாட் அவர். அதற்குப் பதில் நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகையில் நல்ல 18650 பத்து போட்டால் 470 கிராமில் 108 வாட் அவர். கிட்டத்தட்ட பாதி எடை. அதே எடைக்கு இருபது செல் போட்டால் தூரம் இரட்டிப்பு. பூஸ்டட்டே பின்னால் 199 வாட் அவர் பேட்டரிக்கு இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஸ்பாட் வெல்டர், நிக்கல் பட்டை, செல்களைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் போர்டு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். அப்புறம்தான் அந்த மூன்றரைப் பவுன் வந்து சேர்ந்தது.

பத்தையும் திருப்பி அனுப்பிவிட்டு அசல் வாங்கியிருக்கலாம். அன்றைக்கு ராத்திரி எனக்கு வேலூர் ஞாபகம் வந்தது. 2022 மார்ச்சில் அங்கே ஒரு வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் செத்துப்போனார்கள். சூடு எல்லை மீறினால் கோபால்ட் வகை ஆக்சைடு தன் ஆக்சிஜனை வெளியே விடும். நெருப்புக்கு வேண்டிய காற்றை செல்லே ஊட்டிவிடுகிறது. பாஸ்பேட்டில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவு எளிதில் விடாது. பாஸ்பேட் செல்லும் தீப்பிடிக்கலாம், ஆனால் அந்த வேகம் வேறு. நான் சார்ஜ் போடுகிற இடம் நடுக்கூடம். அடுத்த அறையில் அம்மா தூங்குகிறாள். சாரல் காலத்தில் ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்.

440 கிராம் குறைக்கத்தான் இவ்வளவும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் குறைவு. என் தொப்பையில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது, அதைக் குறைக்கச் சொல்லி டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறுபடியும் பாஸ்பேட்டே வாங்கினேன், இந்தத் தடவை கோயம்புத்தூரில் நேரில் போய், பில்லோடு. பழைய பேட்டரி போல இலஞ்சியிலிருந்து ஐந்தருவி வரை போய்த் திரும்புகிறது. இதில் ஒரு தொல்லை உண்டு. வோல்டேஜ் கடைசி வரை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று விழும், மீட்டரை நம்ப முடியாது. இரண்டு முறை போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்தேன்.

வெல்டு வைப்பதற்கு முன்னால் புது செல் ஒன்றை ஆசாரியிடம் கொண்டுபோயிருந்தேன். தராசில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒம்பதரைப் பவுன்" என்றார். "இது கனமால்லா இருக்கு தம்பி. நீங்க இலேசா வேணும்னுதான சொன்னீக?"

"ஆமா அண்ணாச்சி. இது போதும்" என்றேன்.

செல்லை ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, நகைக்குக் கொடுக்கிற ரோஸ் காகிதத்திலேயே மடித்துக் கொடுத்தார்.