தறிக்குழியின் ஈரம்

ஈரோடு மாவட்டம் சென்னிமலைப் பக்கம் இருந்த அம்மாயி வீட்டில், தறிக்குழி இருந்த அறையில்தான் நாங்கள் உறங்கினோம். அடுப்பும் நூல் மூட்டையும் அங்கேயே. ஐப்பசி மழை பிடித்தால் சுவரின் அடிப்பகுதி கறுத்துப் பூசணம் ஏறும். அம்மாயி தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பார். பத்து நாளில் திரும்பவும் பூக்கும். வருகிறவர்கள், "பொம்பள இருக்கற வீடா இது?" என்பார்கள்.

அந்தப் பூசணம் தொழிலோடு வந்தது. காய்ந்த காற்றில் பருத்தி நூல் அறும். தரையைத் தோண்டி அமைத்த குழித்தறியில் மண்ணின் ஈரம் பாவுக்கு உதவும். பாவு விறைப்பாக நிற்கக் கஞ்சி போடுவார்கள், ஊடை நூலை நனைத்துத் தார் சுற்றுவார்கள். நெசவுக்கு வேண்டிய ஈரமும் மாவும்தான் பூசணத்துக்கும் தீனி. அதன் நுண்வித்துகள் காற்றில் கலந்து மூச்சுக்குழாய்க்குள் போகின்றன. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா கூடுகின்றன என்று 2009இல் உலக சுகாதார நிறுவனம் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

ஆலைகளில் இந்த ஈரம் வெகுகாலம் முன்பே சட்டப் பிரச்சினையாகிவிட்டது. பிரிட்டனில் நெசவுக் கூடங்களுக்குள் நீராவி விட்டு ஈரம் ஏற்றுவதற்கு 1889லேயே சட்டம் வரம்பு கட்டியது. 'நெசவாளர் இருமல்' என்றே அங்கே மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. பூசணம் பிடித்த நூலோடு சேர்த்துப் பேசப்பட்ட நோய் அது. கஞ்சியில் புளியங்கொட்டை மாவு சேர்த்த ஓர் ஆலையில் அந்த இருமல் பரவியதைப் பற்றி 1957இல் ஒரு மருத்துவ இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. நம்மூர்ப் புளியங்கொட்டை அவ்வளவு தூரம் போய்க்கூட விசாரிக்கப்பட்டிருக்கிறது!

இங்கே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, செயற்கையாக ஈரம் கூட்டும் ஆலைகளுக்கு விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆட்கள் குறைவான இடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்றது 85ஆம் பிரிவு. ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்தின் உதவியோடு மட்டும் தொழில் செய்யும் இடத்தை அது விலக்கிவிட்டது. அந்த 'உதவி' என்ற சொல்லில்தான் நான் தடுக்கி நிற்கிறேன். விடியலில் கஞ்சி காய்ச்சி, பகலெல்லாம் தார் சுற்றி, தாத்தா எழுந்த நேரத்தில் தறியிலும் உட்கார்ந்தவர் சட்டத்தின் கண்ணில் உதவியாள். அவருடைய தொழிற்கூடம் வீடு. எனவே சுவரில் ஏறிய பூசணம் தொழில் கேடு ஆகவில்லை, வீட்டுக்காரியின் சோம்பலானது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்திய நெசவாளர்களில் சுமார் 72 சதவீதம் பெண்கள். உதவியாளர்கள் இத்தனை பேர் என்றால் தொழிலாளி யார்?

அம்மாயிக்கு நெஞ்சில் விசில் அடிக்கும். "பனி ஒத்துக்கறதில்ல கண்ணு" என்று அவரே சொல்லிக்கொள்வார். பஞ்சுத்தூசியா, அடுப்புப் புகையா, பூசணமா என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றும் ஒரே அறையில் இருந்தன. மருத்துவமனைச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதியிருந்தார்கள்.

தாத்தா போன பிறகு தறியைப் பிரித்து விற்றோம். குழியை மண் கொட்டி மூடிச் சிமெண்ட் பூசினார்கள். இடம் கிடைத்ததென்று அம்மாயியின் கட்டிலை அதன் மேலேயே போட்டோம். மழைக்காலத்தில் தரையில் அந்த நீள்சதுரம் மட்டும் கறுத்துத் தெரியும்.