ஊசியும் ஒளியும்

தேக்காவில் தேநீர் குடிக்க உட்காரும்போதெல்லாம் அப்பாவின் இடது கையைப் பார்ப்பேன். கப்பல் பட்டறையில் 1980களில் இரும்புத் தகடு கிழித்த கை. காயத்தின் கோடு மங்கிவிட்டது. இருபக்கமும் ஊசி இறங்கிய புள்ளிகளை மட்டும் இன்னும் எண்ணலாம். "வெட்டுனது மறந்துபோச்சும்மா, தச்சதுதான் ஞாபகம் இருக்கு" என்பார்.

காயத்தை மூட நாம் போடும் சின்னக் காயங்கள்தான் தையல். தமிழில் அதற்கு வயது அதிகம். பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், வீரர்களின் புண்ணைத் தைக்கும் நெடிய ஊசியைக் குளத்தில் பாயும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார். அழகான உவமைதான். ஆனால் அந்தக் குளம் ஒருவனுடைய உடம்பு.

தைக்காமல் ஒட்டிவிட்டால் என்ன? ரத்தம் ஊறும் சதையில் பெரும்பாலான பசைகள் பிடிக்காது. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் எதிர்கொண்ட சயனோஅக்ரிலேட், அதாவது நம்ம வீட்டு சூப்பர் குளூ, ஈரம் பட்டால்தான் இறுகும். வியட்நாம் போரில் ரத்தப்போக்கை நிறுத்த அதைத் தெளித்தார்கள். 1998இல் அதன் ஒரு வகைக்குத் தோல் காயங்களை மூட அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், அது சட்டென்று விறைத்துவிடும். மருத்துவர் கொஞ்சம் நகர்த்திச் சரிபார்க்க அவகாசம் தராது.

எப்போது இறுகுவது என்பதை ஒளியிடம் விட்டுவிடலாம். பல் அடைக்கும்போது நீல விளக்கைக் காட்டுவார்களே, அதே யோசனை. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டெர்ரி ஸ்டீலின் குழு 2020இல் அறிவித்த காப்ரோகுளூ இந்த வழியில் வந்தது. உடலில் மெல்லச் சிதையும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரில் டயாசிரின் என்ற மூலக்கூறைக் கோத்திருக்கிறார்கள். குறைந்த அளவு புற ஊதா ஒளி பட்டதும் டயாசிரின் நைட்ரஜனை உதறிவிட்டுப் பக்கத்துத் திசுவைப் பற்றிக்கொள்ளும், அது ஈரமாக இருந்தாலும். பசையோடு மரத்துப்போகும் மருந்தையும் சேர்க்கலாம்.

முயல்களின் ரத்தக்குழாயை இணைத்துப் பார்த்தபோது எட்டுத் தையல் போடும் இடத்தில் நான்கு போதுமானதாக இருந்தது. பரணர் பார்த்த ஊசி இன்னும் ஓய்வுபெறவில்லை. பாதி வேலையைத்தான் ஒளி வாங்கிக்கொண்டது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கையை மேசைமேல் விரித்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"பாதியாவது குறையுதே" என்றார்.