எண்ணெய் வெப்பமானி (பழைய ஸ்போர்ட்ஸ் கார்)

எஞ்சின் ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர். 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் உறவுக்காரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் இது இல்லை. தண்ணீர்ச் சூட்டு மீட்டர் மட்டுமே உண்டு. அதுவே போதும் என்பது சரியல்ல. தண்ணீர் விரைவில் சூடேறும், ஆயில் மெதுவாகத்தான் ஏறும். பத்மநாபபுரத்திலிருந்து பக்கத்துத் தக்கலைக்கு ஓட்டி நிறுத்தும் வண்டியில் ஆயில் சரியாகச் சூடாவதே இல்லை. மழை மிகுந்த அப்பகுதியில் ஈரம் ஆயில் தேங்கும் சம்ப்பிலேயே தங்கி, ஆயில் மூடியின் அடியில் வெளுத்த பசையாகப் படியும். அதிகச் சூட்டைவிட இந்தச் சூட்டுக் குறைவைக் காட்டுவதே இம்மீட்டரின் பெரிய பயன். சுமார் 80 முதல் 110 டிகிரி செல்சியஸ் நல்ல அளவு.

ஆயில் பிரஷர் மீட்டர் பொருத்தினால் போதுமே என்பார்கள். பிரஷர் இறங்கக் காரணம் சூட்டில் இளகிய ஆயிலா, தேய்ந்த பேரிங்கா என்று அது சொல்லாது. புது மீட்டரால் வண்டியின் பழமை கெடும் என்ற கவலை நியாயமானது. ஆனால் சம்ப்பின் வடிகால் போல்ட்டுக்குப் பதிலாக சென்சாரைப் பொருத்தினால் துளையிட வேண்டாம், பிறகு கழற்றியும் விடலாம். தாழ்ந்த வண்டியில் அது வேகத்தடையில் அடிபடும் என்பதால் ஃபில்டர் அருகே அடாப்டரில் பொருத்துவதே மேல். ஒற்றை வயர் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கெட்டு, ஊசி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.