இரு பெயர்களிடையே மறைந்த சொல்



முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியனாக நியமனம் பெற்று ஒரு சிற்றூர்ப் பாடசாலைக்குச் சென்றேன். படலையடியில் பிள்ளைகள் மாலையுடன் நின்றனர். என்னைக் கண்டதும் அவர்கள் முகம் வாடிற்று. முதியவர் ஒருவர் என் பின்னே எட்டிப் பார்த்து, “வெள்ளைக்காரர் எங்கே, தம்பி?” என்று வினவினார். 'இங்கிலிஷ் ரீச்சர்' ஒருவர் வருகிறார் என்று ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை, ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் வருகிறார் என்று ஊரவர் பொருள் கொண்டிருந்தனர்.

அவர்கள் மீது தவறில்லை. அத்தொடருக்கு இரு பொருளும் உண்டு. முதற்சொல்லை அழுத்தி உரைப்பின் அது மொழியின் பெயர். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் என்பது பொருள். இரண்டாம் சொல்லையும் அழுத்தி உரைப்பின் முதற்சொல் பெயரடையாகி, இங்கிலாந்து நாட்டு ஆசிரியரைக் குறிக்கும். எழுத்தில் இவ்வழுத்தம் தெரிவதில்லை. ஒரு பெயர் மற்றொரு பெயருக்கு அடையாக வந்து நிற்கும்போது, அவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவைச் சொல்லும் சொல் மறைந்து விடுகிறது. அச்சொல்லைக் கண்டுபிடிப்பதே கற்பவனின் பணி. இவ்வழக்கு ஆங்கிலத்தில் வளர்ந்த வரலாற்றையும், அதனை விளங்கிக்கொள்ள நம் கையில் உள்ள திறவுகோலையும் பற்றி இன்று சில கூற விழைகிறேன்.

முதலில் ஓர் எளிய எடுத்துக்காட்டு. 'மொஸ்கீற்றோ நெற்' என்பது நுளம்பு வலை. 'ஃபிஷ் நெற்' என்பது மீன் வலை. 'வயர் நெற்' என்பது கம்பி வலை. மூன்றும் ஒரே அமைப்பின. ஆயினும் நுளம்பு வலை நுளம்பைப் பிடிப்பதற்கன்று; அது நுளம்பினின்று நம்மைக் காப்பது. மீன் வலையோ மீனைக் காப்பதன்று, அதனைப் பிடிப்பது. கம்பி வலை கம்பியைப் பிடிப்பதுமன்று, காப்பதுமன்று, கம்பியால் ஆகியது. இவ்வேறுபாட்டை உணர்த்தும் எழுத்து ஒன்றேனும் அத்தொடர்களில் இல்லை. உலகியல் அறிவே நமக்கு அதனை உணர்த்துகிறது.

ஆங்கிலத்தில் இவ்வழக்கு மிகத் தொன்மையானது. நோர்மானியர் 1066 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்னரே பழைய ஆங்கிலம் பெயரோடு பெயர் புணர்த்துச் சொல்லாக்கும் ஆற்றல் மிக்கதாய் விளங்கிற்று. 'பெயோவுல்ஃப்' என்னும் பழங்காவியத்தில் கடலைத் 'திமிங்கிலப் பாதை' என்றும், உடலை 'எலும்பு வீடு' என்றும் குறிக்கும் கூட்டுச்சொற்கள் வருகின்றன. அக்காலத்துக் கூட்டுச்சொற்கள் சில, இன்று கூட்டென்றே அறியவொண்ணாதபடி தேய்ந்துள்ளன. 'லோர்ட்' என்னும் சொல் 'ஹ்லாஃப்', 'வேர்ட்' என்னும் இரு பழஞ்சொற்களின் கூட்டு. அப்பத்தைக் காப்பவன் என்பதே அதன் பொருள். தன்னை அண்டியவருக்கு உணவளிப்பவனே தலைவன் என்ற அக்காலச் சமுதாய வாழ்வு அச்சொல்லில் புதைந்து கிடக்கிறது.

'விண்டோ' என்னும் சொல்லின் கதை நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தில் குடியேறிய வட நாட்டவரின் மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்குக் 'காற்றுக் கண்' என்பது பொருள். அதற்கு முன் ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லோ 'கண் துளை' என்னும் பொருளுடையது. நம் முன்னோர் சாளரத்தைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. பல கண்களை உடையது என்னும் கருத்தில் 'பலகணி' என்றும் கூறினர். ஒருவரையொருவர் அறியாத மக்கள், ஒரே பொருளைக் கண்டு, காற்றையும் கண்ணையும் நினைந்து, ஒரே முறையிற் சொல்லாக்கினர் என்பது வியப்பன்றோ?

நோர்மானியர் வெற்றியின் பின் பிரெஞ்சு மொழி அரசவையிலும் நீதிமன்றத்திலும் கோலோச்சிற்று. பிரெஞ்சில் முதன்மைப் பெயர் முன்னும், அதனை விளக்கும் பெயர் 'டெ' என்னும் இணைப்புச் சொல்லுடன் பின்னும் வரும். அதன் செல்வாக்கும் சேர்ந்து ஆங்கிலத்தில் 'ஒவ்' என்னும் சொல்லின் ஆட்சி பெருகிற்று. அதே காலப்பகுதியில், ஆங்கிலப் பெயர்கள் தம் பழைய வேற்றுமை விகுதிகளிற் பெரும்பாலானவற்றை இழந்தன. விகுதி இழந்த சொற்கள் இடத்தினாலேயே பொருள் உணர்த்த வேண்டியனவாயின. ஆகவே ஆங்கிலத்துக்கு இரு வழிகள் வாய்த்தன. 'கப் ஒவ் ரீ' என்றால் ஒரு கோப்பை தேநீர். 'ரீ கப்' என்றால் தேநீர்க் கோப்பை, அதில் ஒரு துளியும் இல்லாதிருப்பினும். முன்னையதைக் கேட்ட விருந்தினருக்குப் பின்னையதைக் கொடுத்தால் நட்பு முறியும்!

1755 ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், கூட்டுச்சொற்கள் அனைத்தையும் அதில் சேர்க்கவில்லை. பகுதிகளின் பொருளை அறிந்தால் முழுமையின் பொருளும் விளங்கும் கூட்டுக்கு விளக்கம் வேண்டா என்பது அவர் முடிபு. 'கோச் டிரைவர்' என்பதை விளக்கத் தேவையில்லை. 'ஹைவேமன்' என்பதை விளக்கவேண்டும், ஏனெனில் அவன் பெருவழியில் நடப்பவனல்லன், பெருவழியிற் கொள்ளையிடுபவன். பின்னர் இயந்திர யுகம் பிறந்தது. புதிய பொருள் தோன்றுந்தோறும் இரு பழைய பெயர்கள் கைகோத்துப் புதிய பெயராயின. 'ஸ்டீம் எஞ்ஜின்', 'ரெயில்வே ஸ்டேஷன்', 'ரிக்கற் ஒஃபிஸ்' என்பன அவ்வாறு வந்தவை. நாமும் அவ்வழியே 'புகையிரத நிலையம்' என்றோம்.

இனி, இவ்வுறவுகளை வகுத்துரைக்க முயன்றவர்களைக் காண்போம். தேன்மார்க்கு நாட்டு அறிஞர் ஒட்டோ யெஸ்பெர்சன், ஆங்கிலக் கூட்டுச்சொற்களின் பொருளுறவுகளை எண்ணி முடிக்க இயலாது என்னும் கருத்தினர். 1960 இல் அமெரிக்க அறிஞர் றொபேட் லீஸ், இத்தகைய கூட்டுக்கள் முழு வாக்கியங்களின் சுருக்கமே என்று விளக்க முயன்றார். 1978 இல் ஜூடித் லெவி என்னும் அம்மையார், காரணமாதல், உடைமை, ஆக்குதல், பயன்படுத்துதல், இடம், பொருட்டு, நீங்கல் முதலிய ஒன்பது உறவுச் சொற்களே இக்கூட்டுக்களில் மறைகின்றன என்று நூல் எழுதினார்.

மறைந்த சொல் என்னும் இக்கருத்து தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் தொகைகளை ஆறாக வகுத்தது. அவற்றுள் வேற்றுமைத் தொகையில் உருபு மறையும். உருபோடு அதன் பொருளை விளக்கும் சொல்லும் மறையுமாயின், அதனை 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று வகுப்பறையில் மனனஞ் செய்தோம். பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம்; நீர்க்குடம் என்றால் நீரை உடைய குடம். நுளம்பு வலையையும் மீன் வலையையும் இவ்வாறே விரித்துப் பாருங்கள்; ஆங்கிலத் தொடரும் உடனே வாய்திறக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கக்கூடும் என்றும் கூறினார். 'சொல்லிலக்கணம்' என்ற ஒரு தொடரை ஏழு வகையாக விரித்துக் காட்டுவது உரையாசிரியர் வழக்கு. வடமொழியாளரும் தொகையிலக்கணத்தில் வல்லுநர். அவர்கள் இட்ட 'பகுவிரீகி' முதலிய பெயர்களை மேனாட்டார் இன்றும் தம் நூல்களில் ஆளுகின்றனர்.

ஆதலின் பிள்ளைகளுக்கு நான் மூன்று விதிகள் சொல்வதுண்டு. முதலாவது, இறுதிச் சொல்லே தலைமைச் சொல். 'விலேஜ் ஸ்கூல் லைப்ரரி புக்' என்பது கிராமமன்று, பாடசாலையுமன்று, புத்தகமே. தமிழும் இவ்வொழுங்கையே பின்பற்றுகிறது. இரண்டாவது, அடையாய் நிற்கும் பெயர் பெரும்பாலும் ஒருமையில் நிற்கும். பல சோடி சப்பாத்துக்களை விற்றாலும் அது 'ஷூ ஷொப்'; நாமும் பூக்கள் கடை என்னாது பூக்கடை என்கிறோம். 'ஸ்போர்ட்ஸ் டே', 'குட்ஸ் ட்ரெயின்' முதலியன விலக்குகள். மூன்றாவது, மறைந்த சொல்லை வருவித்து விரித்துப் பார்க்கவேண்டும்.

இம்மூன்றாம் விதி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. 'ஸ்னேக் பொய்சன்' என்பது பாம்பினது நஞ்சு. 'றாற் பொய்சன்' என்பது எலியினது நஞ்சன்று, எலியைக் கொல்லும் நஞ்சு. 'ஃபுறூட் சிறப்' பழத்திலிருந்து ஆக்கிய பாகு. 'கோஃப் சிறப்' இருமலைத் தணிக்கும் மருந்து. ஆங்கிலம் அரைகுறையாய் அறிந்த ஒரு தாய், போத்தலில் ஒட்டிய இரு சொற்களை நம்பியே தன் பிள்ளைக்கு மருந்து வார்க்கிறாள். பொதுமக்களுக்கு அறிவித்தல் எழுதுவோர் நான்கைந்து பெயர்களை அடுக்கி வைத்துவிட்டு, இடையே மறைந்த உறவுகளை வாசிப்பவர் தாமே கண்டுகொள்வர் என்று இருந்துவிடுதல் முறையன்று. சுருக்கம் அறிந்தவருக்கு அழகு. அறியாதவருக்கு அது மூடிய கதவு. எழுதுபவர் ஒரு சொல்லை மிகுதியாக இட்டால் குறைந்து போவது ஒன்றுமில்லை.

நிறைவாக ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்முடைய தொகை ஒன்று கடல் கடந்து ஆங்கிலத்துட் புகுந்தது. மிளகு தண்ணீர் என்பதே அது. 'மலிகடோனி' என்று அவர்கள் நாவில் உருமாறிய அச்சொல்லில் மிளகையும் காணார், தண்ணீரையும் காணார். ஆகவே அதன் பின்னே 'சூப்' என்று இன்னொரு பெயரையும் சேர்த்து வழங்குகின்றனர். அவர்களுடைய 'லோர்ட்' நமக்கு எப்படியோ, நம்முடைய மிளகு தண்ணீர் அவர்களுக்கு அப்படி.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் மாணவர் எவரேனும் இப்பொழுது கேட்டுக் கொண்டிருந்தால், அவருக்கு ஒன்று கூறுவேன். அருகருகே நிற்கும் இரு பெயர்களைக் கண்டு மலையாதீர். இங்கே எந்தச் சொல் தொக்கு நிற்கிறது என்று, நன்னூல் படித்த பிள்ளையாக வினவுங்கள். படலையடியில் மாலையுடன் நின்ற அப்பிள்ளைகளுக்கு நான் முதல் நாட் கற்பித்த பாடமும் அதுவே.