கையில் இல்லாததை விற்ற கதை

கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பதுதான் ஷார்ட் செல்லிங். இதில் இறங்கும் எல்லோருக்கும் மூத்தவர் ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஐசக் லெ மேர். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது அதன் பெரும் பங்குதாரர்களில் ஒருவராக இருந்தவர், பிறகு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். 1609இல் கூட்டாளிகளைச் சேர்த்து, கையில் இல்லாத கம்பெனிப் பங்குகளைப் பின்னொரு தேதியில் தருவதாகச் சொல்லி விற்றார். வெறுங்கையால் முழம் போடும் இந்த வியாபாரத்தில் விலையும் சரிந்தது. இயக்குநர்கள் அரசிடம் ஓடினார்கள். 1610 பிப்ரவரியில் தடை வந்தது. அதே ஆண்டு கம்பெனி தன் முதல் ஈவுத்தொகையைக் காசாகக் கொடுக்காமல் ஜாதிபத்திரியாக அள்ளிக் கொடுத்தது! விலை ஏற, கூட்டாளிகள் சிலர் திவாலானார்கள்.

தடை போட்டாலும் பழக்கம் நிற்கவில்லை. லண்டன் 1734இல் தடை செய்தது. 1860இல் அதுவே சட்டத்தைக் கைவிட்டது.

அதற்குள் நியூயார்க்கில் ரயில்வே பங்குகள் வந்துவிட்டன. அன்றைய புதுத் தொழில்நுட்பம் ரயில்தான். 1901இல் நார்தர்ன் பசிஃபிக் ரயில்வேயைப் பிடிக்க பெருமுதலாளிகளான மார்கன் – ஹில் அணியும் ஹாரிமன் அணியும் போட்டி போட்டு வாங்கின. இது தெரியாமல், 'விலை அநியாயம்' என்று விற்றவர்கள் பலர். மே 9 அன்று திருப்பிக் கொடுக்கப் பங்கு தேடினால் சந்தையில் பங்கே இல்லை; இரு அணிகளும் அள்ளிவிட்டிருந்தன. விலை 1,000 டாலரைத் தொட்டது. கடைசியில் இரு அணிகளும் மனமிரங்கி, 150 டாலருக்குக் கணக்கை முடித்துக்கொள்ள விட்டன.

100 ரூபாய்க்கு விற்ற பங்கு பூஜ்யமானாலும் லாபம் 100தான். ஏறினால் நஷ்டத்துக்கு உச்சவரம்பே இல்லை. இரவல் கட்டணமும் மார்ஜின் எனும் பிணைப் பணமும் தினமும் கேட்கும். புதுத் தொழில்நுட்பப் பங்கில் ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே விலை இன்றைய லாபத்தைப் பார்ப்பதில்லை, நாளைய நம்பிக்கையைப் பார்க்கிறது. முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸின் நிதியை நடத்திய ஸ்டான்லி டிரக்கன்மில்லர் 1999இன் தொடக்கத்தில் இணையப் பங்குகளை ஷார்ட் செய்து 60 கோடி டாலர் இழந்தார். நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் வரை ஏறிவிட்டு, 2002 அக்டோபருக்குள் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. அவர் கணிப்பு சரிதான். ஓராண்டு முந்திவிட்டது, அவ்வளவே. 2020இல் டெஸ்லா ஒரே ஆண்டில் 8 மடங்கானபோது, எதிராக நின்றவர்கள் இழந்தது சுமார் 4,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

இந்தியாவில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2001இல் ஷார்ட் செல்லிங்குக்குத் தடை விதித்து, 2008இல் பங்கு இரவல் திட்டத்தோடு வழிவிட்டது. சாதாரண முதலீட்டாளர் அன்றைக்கு விற்றதை அன்றைக்கே வாங்கிவிடலாம். ஆனால் பங்கு அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏறக்கூடிய உச்ச விலையில், பூட்டிக்கொண்டால் விற்க ஆள் இருக்காது. பங்குச்சந்தையே ஏலத்தில் வாங்கி உங்களிடம் வாங்கியவருக்குக் கொடுக்கும், அந்த விலை முழுவதும் உங்கள் கணக்கில் ஏறும். சின்னப் பங்குகளில் ஷார்ட் போகுமுன் சர்க்யூட் வரம்பைப் பார்த்துவிடுங்கள்.