கோஷா ஆஸ்பத்திரியின் நியாயம்

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 1885இல் தொடங்கப்பட்டது அது. நகரத்தில் அதுவரை பிரசவ ஆஸ்பத்திரியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எழும்பூரில் 1844 முதலே இருந்தது. ஆனால் அந்நிய ஆண் முன் வராத கோஷாப் பெண்களுக்கு அது இருந்தும் பயனில்லை. அவர்களுடைய மறுப்பை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் அப்படி ஒதுக்கவில்லை. எழும்பூரில் பிரசவம் பார்க்கக் கற்று, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். பிறகு லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, இந்த ஆஸ்பத்திரி உருவாக முன்னின்றார். நோயாளி வரவில்லையென்றால் வைத்தியம் தன் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அன்றே உணர்ந்த செயல் இது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2000ஆம் ஆண்டில்தான், சிகிச்சை கிடைப்பது மட்டும் போதாது, மக்களின் பண்பாட்டை மதித்து அவர்கள் ஏற்கும்படியும் இருக்க வேண்டும் என்று உடல்நல உரிமைக்கு விளக்கம் எழுதியது.

இப்படி இணங்கிப்போவது பெண்ணைத் திரைக்குள்ளேயே பூட்டிவைக்காதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பிரசவ வேதனையில் இருப்பவளிடம் முதலில் சீர்திருந்தி வா என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் தம் பெண்களின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்ததை ஐடா ஸ்கடர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னார்; ஆண் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் படித்துத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். திரையை மதிக்கப் புறப்பட்ட ஏற்பாடு, பெண்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து மருத்துவர்களாக்கியது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. கோஷா ஆஸ்பத்திரி தொடங்கியபோது அதன் பெயர், சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. வழக்கத்தை மதிப்பதென்றால் தீண்டாமையையும் மதிப்பதா? இல்லை. தன் உடலை யார் தொடலாம் என்பது நோயாளியின் உரிமை. பக்கத்துக் கட்டிலில் யார் படுக்கலாம் என்பது அவளுடைய உரிமையே அல்ல. முன்னதை மதிப்பதால் பிறருக்கு இழப்பில்லை. பின்னதை மதித்தால் இன்னொரு பெண் வாசலில் நிற்க நேரும். பெயரிலிருந்து சாதி போனதால் அங்கே வந்த எந்தப் பெண்ணுக்கும் சிகிச்சை குறைந்துவிடவில்லை.